கவலை இறைக்கும்போது நீர் வருகிறதா?

என்னிடம் மனநல ஆலோசனைக்கு வரும் தமிழர்களில் பலர் முதல் சந்திப்பிலேயே ஒரே கோரிக்கையை வைக்கிறார்கள்: "யோசிக்கிறதை நிறுத்த ஏதாவது வழி சொல்லுங்க மேடம்." வீட்டிலும் வேலையிடத்திலும் "ரொம்ப யோசிக்காதே" என்று பலர் பல நாள் சொல்லிப் பார்த்து, அது பலிக்காமல் போன பிறகுதான் அவர்கள் வருகிறார்கள். அந்தக் கோரிக்கையை நான் ஏற்பதில்லை, ஏனென்றால் எண்ணத்தை நிறுத்துவதற்கான முயற்சியே அதை மீண்டும் மீண்டும் அழைத்து வருகிறது. 1987ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர், ஐந்து நிமிடங்களுக்கு வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்றும் நினைவு வந்தால் மணியை அடிக்க வேண்டும் என்றும் மாணவர்களிடம் கூறினார். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. பிறகு தாராளமாக நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, தொடக்கத்திலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட, அடக்கி வைத்திருந்தவர்களுக்கே கரடி அதிகமாக நினைவுக்கு வந்தது.

சிங்கப்பூரின் செங்காங்கில் வசிக்கும் ஒரு தாயைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவருடைய மகன் தொடக்கநிலை ஆறில் படித்துக்கொண்டிருந்தான். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் 2021 முதல் நான்கு பாடங்களுக்கும் 1 முதல் 8 வரை அடைவுநிலை தரப்பட்டு, அவை கூட்டப்படுகின்றன. 4 வந்தால் மிகச் சிறப்பு, 32 வந்தால் கடைசி. இந்தத் தாய் இரவு இரண்டு மணிக்குப் படுக்கையில் விழித்துக்கொண்டு, கணிதத்தில் 3 வந்தால் என்ன, அறிவியலில் 5 ஆகிவிட்டால் எந்த உயர்நிலைப்பள்ளி கிடைக்கும் என்று கூட்டிக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். யோசனையைக் குறைத்துக்கொள்ளலாமே என்று கணவர் சொன்னபோது, "நான் யோசிக்கலைன்னா இந்த வீட்டுல வேற யாரு யோசிப்பா?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. மகன் வெண்பலகையைப் பார்க்கும்போது கண்ணைச் சுருக்குகிறான் என்பதைக் கவனித்து, அவனுக்கு மூக்குக்கண்ணாடி தேவை என்று கண்டுபிடித்ததும் இதே ஓயாத யோசனைதான்.

ஆகவே, இந்தப் பழக்கத்தை வெறும் குறையாகப் பார்ப்பது தவறு என்பதே என் கருத்து. ஜூலி நோரம், நான்சி காண்டர் என்ற இரு உளவியலாளர்கள் 1986இல் வெளியிட்ட ஆய்வு, எது தவறாகப் போகலாம் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்துத் தயாராகிறவர்களைப் பற்றியது. "நீங்கள் நன்றாகவே செய்வீர்கள்" என்று ஊக்கமூட்டியபோது, அத்தகையவர்கள், அந்த ஊக்கம் பெறாத தம்மைப் போன்றவர்களைவிட மோசமாகச் செய்தார்கள். நல்லெண்ணத்தோடு நாம் சொல்லும் "கவலைப்படாதே, எல்லாம் நல்லபடியாக நடக்கும்" என்ற வார்த்தை, சிலருடைய கையில் இருக்கும் கருவியைப் பறித்துவிடுகிறது.

என் பாட்டியின் ஊர் ஈரோட்டுப் பக்கம். அங்கே கவலை என்ற சொல்லுக்கு மனக்கவலை என்ற பொருளோடு, காளைகளைப் பூட்டிக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் ஏற்றம் என்ற பொருளும் உண்டு. காளைகள் சரிவில் இறங்கும்போது, நீர் மொள்ளும் தோல் பையான சால் நீரோடு மேலே வரும். அவை பின்னோக்கி ஏறும்போது சால் மீண்டும் கிணற்றுக்குள் இறங்கும். நாள் முழுக்க அதே தடத்தில்தான் நடை. சால் நன்றாக இருந்தால் வயல் நனையும், கிழிந்திருந்தால் காளைகளுக்குக் களைப்பு மட்டும் மிஞ்சும். என்னிடம் வருகிறவர்களிடம் எவ்வளவு நேரம் யோசிக்கிறீர்கள் என்பதைவிட, ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது மேலே வருகிறதா என்றே கேட்கிறேன்.

வருகிறதா இல்லையா என்பதைப் பெரும்பாலும் கேள்வியின் வடிவமே காட்டிக்கொடுத்துவிடும். இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் வாட்கின்ஸ் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வந்திருப்பது இதைத்தான்: "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று பொதுவாக அசைபோடுவது மனத்தை மேலும் தாழ்த்துகிறது, "இது எப்படி நடந்தது, அடுத்து என்ன செய்யலாம்?" என்று குறிப்பாக எண்ணுவது வழியைத் திறக்கிறது. ஓர் இளம் பொறியாளர், தாம் அனுப்பிய அறிக்கைக்கு மேலதிகாரி வாட்ஸ்அப்பில் "சரி" என்று ஒற்றைச் சொல்லில் பதில் அனுப்பியதை மூன்று நாள் சுமந்துகொண்டிருந்தார். ஏன் அப்படி எழுதினார் என்ற கேள்விக்கு அவருடைய மனம் இருபது பதில்களைச் சொன்னது. அவற்றில் ஒன்றைக்கூட அவரால் சரிபார்க்க முடியவில்லை. நாளை காலை மேலதிகாரியிடம் எந்த ஒரு கேள்வியைக் கேட்கலாம் என்று அதை நாங்கள் மாற்றினோம். கேட்டபோது, அறிக்கையில் இரண்டு பக்கங்களைத் திருத்த வேண்டியிருந்தது தெரிந்தது. அவருடைய ஐயம் முற்றிலும் பொய்யல்ல. ஆனால், மூன்று நாள் உறக்கத்தைக் கெடுத்த அந்த விஷயத்தின் உண்மையான அளவு இரண்டு பக்கங்களே.

இரண்டாவதாக நான் பயிற்றுவிப்பது, யோசனைக்கென்று ஒரு நேரத்தையும் இடத்தையும் ஒதுக்குவது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் போர்க்கவெக் குழுவினர் 1983இல் வெளியிட்ட முறை இது: நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அரை மணி நேரம் கவலைப்பட வேண்டும், மற்ற நேரங்களில் கவலை எழும்போது, எழுந்ததைக் கவனித்து அந்த அரை மணிக்குத் தள்ளிவைக்க வேண்டும். "இப்போது வேண்டாம், ஏழரைக்கு வா" என்று சொன்னால், "வரவே கூடாது" என்று விரட்டும்போது வரும் எதிர்ப்பு வருவதில்லை. அந்த இடம் படுக்கையாக இருக்கக் கூடாது என்பதில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். ஐந்து பேர் வாழும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் தனியாக உட்கார நாற்காலி ஏது என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களில் பலருக்குப் புளோக்கின் கீழ்த்தளத்துக் கல்மேசை அந்த இடமாகியிருக்கிறது.

அங்கே உட்கார்ந்ததும், பகலில் ஒரு வரியாகக் குறித்துவைத்த ஒவ்வொரு கவலையிடமும் இந்த வாரம் என் கையால் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா என்று கேட்க வேண்டும். உண்டென்றால் கிழமையும் நேரமும் எழுத வேண்டும். இல்லையென்றால் இல்லை என்றே எழுத வேண்டும். எழுதுவதை வெறும் சடங்காக எண்ண வேண்டாம். 2018இல் வெளியான பேலர் பல்கலைக்கழக ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் இனிச் செய்ய வேண்டிய வேலைகளை எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிட விரைவாக உறங்கினார்கள். முதல் வாரத்தில் பெரும்பாலோருக்கு இது கைகூடுவதில்லை. ஏழரைக்கு என்று தள்ளிவைத்த கவலை எட்டரைக்கும் விடாமல் பேசும். அதற்காகத் தங்களையே நொந்துகொண்டு, அதையும் ஒரு புதிய கவலையாக்கிக்கொள்ள வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

எல்லாருக்கும் இவை போதா. உறக்கமோ பசியோ வாரக்கணக்கில் கெட்டிருந்தால், கதவைப் பூட்டினோமா என்று திரும்பத் திரும்பப் பார்க்காமல் இருக்க முடியாவிட்டால், வேலைக்குச் செல்வதே பெரும்பாடாகிவிட்டால், அது பதற்றக் கோளாறாகவோ மனச்சோர்வாகவோ எண்ணச் சுழற்சி நோயாகவோ (OCD) இருக்கக்கூடும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. பலதுறை மருந்தக மருத்துவரிடமே தொடங்கலாம். தேசிய மனநல உதவி எண் 1771இல் இரவு பகல் எந்த நேரமும் பேசலாம். வாழ வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால், சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தை 1767இல் உடனே அழையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 995. நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று நம்மவர்கள் மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதை நான் வேதனையோடு பார்த்துவருகிறேன்.

அந்தத் தாய் தேர்வு முடிவுகள் வருவதற்குச் சில வாரங்கள் முன்பு தம் குறிப்பேட்டை எனக்குக் காட்டினார். கண்ணாடி, செய்தாயிற்று. அறிவியல் பயிற்சி, சனிக்கிழமை பத்து மணி. மதிப்பெண், என் கையில் இல்லை. இந்த மூன்றாவது வரி பதினோரு நாள் தொடர்ந்து முழுமையாக எழுதப்பட்டிருந்தது. பன்னிரண்டாம் நாள் "அதேதான்" என்று மட்டும் இருந்தது. அன்று அரை மணி தேவைப்படவில்லை, எட்டே நிமிடத்தில் எழுந்து மகனோடு கீழே நடக்கப் போய்விட்டேன் என்றார்.