ரப்பர்ப் பால் ஏன் திரியாமல் இருக்கிறது? பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூழ்மம் சொல்லித்தரும் வழி

பலபடி (பாலிமர்) என்றதும் கரும்பலகையில் ஒரு நீளச் சங்கிலியை வரைந்து, பாலித்தீன், பி.வி.சி., நைலான் என்று நான்கு பெயரை எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவது வழக்கமாகிவிட்டது. மியன்மாரில் ரப்பர்த் தோட்டங்கள் உள்ள மோல்மேன், முடோன் பக்கம் வளரும் பிள்ளைகளுக்கு இது வீண் சுற்று. விடியற்காலையில் பால்வெட்டு முடிந்ததும் மரத்தில் கட்டிய கோப்பையில் சொட்டுவதே பலபடிதான். அதுவும் கூழ்மமாகவே, அதாவது நுண்துகள்கள் கரையாமலும் அடியில் படியாமலும் நீரில் மிதக்கும் கலவையாகவே சொட்டுகிறது. கோடை விடுமுறைத் தமிழ் வகுப்பில் அறிவியலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால், அந்தக் கோப்பையிலிருந்து தொடங்குங்கள். கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றே. அமிலம் ஊற்றினால் பால் உறைவது எல்லாருக்கும் தெரியும். அதுவரை அது ஏன் உறையாமல் இருந்தது?

புதிய பாலில் எடைக்கு 30 முதல் 40 விழுக்காடு வரை ரப்பர். மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர். ஐசோப்ரீன் என்னும் சிறு மூலக்கூறு ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்ட சங்கிலிகள் சுருண்டு, பெரும்பாலும் 3 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட சிறு உருண்டைகளாக நீரில் மிதக்கின்றன. ஒவ்வோர் உருண்டைக்கும் புரதமும் கொழுப்பும் சேர்ந்த மெல்லிய மேலுறை உண்டு. அந்த உறைதான் எதிர்மின்சுமை தாங்குகிறது. எல்லா உருண்டையிலும் ஒரே வகைச் சுமை, அதனால் ஒன்றை ஒன்று தள்ளுகிறது. பால் பாலாகவே நிற்கிறது.

இதைக் கணக்காகவும் போட வைக்கலாம். ஒரு மி.லி. பாலில் 0.35 கிராம் ரப்பர், துகளின் விட்டம் 1 மைக்ரோமீட்டர், அடர்த்தி 0.92 என்று எடுத்துக்கொண்டு கோளத்தின் கனஅளவுச் சூத்திரத்தைப் போட்டால் ஏறத்தாழ 70,000 கோடி துகள்கள் வரும். அவற்றின் மேற்பரப்பைக் கூட்டினால் 2 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஓர் ஆள் படுக்கும் பாயைவிடப் பெரிது. இவ்வளவு பரப்பு ஒரு மி.லி.க்குள் இருப்பதால்தான் கூழ்மத்தில் மேற்பரப்பே ராஜா.

கண்ணால் காட்ட மூன்று குவளை போதும். ஒன்றில் சர்க்கரைத் தண்ணீர், ஒன்றில் கல்லில் அரைத்த தனாக்கா (முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்து) கரைத்த நீர், மூன்றாவதில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரே ஒரு சொட்டு ரப்பர்ப் பால். மூன்றையும் வடிதாளில் ஊற்றுங்கள். தனாக்கா தாளில் தங்கும். சர்க்கரை நீரும் ரப்பர்ப் பாலும் கீழே இறங்கிவிடும். இறங்கிய இரண்டிலும் சிவப்பு லேசர் விளக்கை அடித்தால் ரப்பர்ப் பாலில் மட்டும் ஒளிக்கோடு தெரியும். துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வரும் இதுவே டிண்டால் விளைவு. பாலைத் தாராளமாக ஊற்றிவிட்டால் கோடு தெரியாது, குவளை முழுக்க மங்கலாகச் சிவக்கும். லேசர் 1 மில்லிவாட்டுக்கு மேல் வேண்டாம். அதையும் பெரியவர் கையில் வைத்துக்கொள்ளட்டும்.

400 மடங்கு பெருக்கும் நுண்ணோக்கி கிடைத்தால் அதே நீர்த்த பாலில் துகள்கள் ஓயாமல் துடிப்பதைப் பார்க்கலாம். பெர்ரின் என்ற பிரெஞ்சு அறிவியலாளர் 1908 வாக்கில் கம்போஜ் என்னும் மஞ்சள் மரப்பிசினின் உருண்டைகளை இப்படித்தான் பார்த்து அளந்து, மூலக்கூறுகள் உண்மையில் இருக்கின்றன என்பதற்கு வலுவான சான்று தந்தார். 1926-இல் நோபல் பரிசு. ரப்பர் என்பதே நீண்ட சங்கிலி மூலக்கூறு என்று ஸ்டாடிங்கர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1920-இல் எழுதியபோது பலர் ஏற்கவில்லை. சிறு மூலக்கூறுகள் கும்பலாக ஒட்டியிருப்பதுதான் ரப்பர் என்று நம்பினார்கள். அவருக்குப் பரிசு வர 1953 ஆயிற்று. பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்துவிடும் சங்கிலிக்குப் பின்னால் இவ்வளவு சண்டை இருந்தது என்று பிள்ளைகள் அறிவது நல்லது.

இனி உறைய வைப்பது. பெரும்பாலான வகுப்புகள் சொதப்புவது இங்கேதான். தோட்டத்தில் பார்மிக் அமிலம் ஊற்றுவார்கள். அது தோலைச் சுடும், ஆவி கண்ணையும் மூக்கையும் தாக்கும். வகுப்புக்குள் கொண்டுவரவே வேண்டாம். கடையில் விற்கும் 5 விழுக்காடு வினிகர் போதும். 35 விழுக்காடு ரப்பர் உள்ள புதிய பால் 100 மி.லி.யை வடிகட்டி, 180 மி.லி. மழைநீர் சேர்த்தால் ரப்பரின் அளவு 12.5 விழுக்காட்டுக்கு இறங்கும். வினிகர் 10 மி.லி.யைத் தனியாக 40 மி.லி. நீரில் கலந்து, பாலை மெதுவாகக் கிளறிக்கொண்டே ஊற்றவும். நுரையை வழித்தெடுத்துவிட்டு ஆடாமல் வைத்துவிடுங்கள். அமில அளவைக் காட்டும் பி.எச். தாளில் 5-க்குக் கீழே இறங்கும் இடத்தில் புரத உறையின் சுமை கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. துகள்கள் ஒட்டத் தொடங்கும். நன்றாக இறுக மூன்று நான்கு மணி நேரம் ஆகலாம். வகுப்பு ஒரு மணி நேரம்தான் என்றால் வினிகரை இரட்டிப்பாக்கலாம். கட்டியைச் சுற்றி நிற்கும் நீர் தெளிவாக இருந்தால் அமிலம் சரி. வெண்மையாக இருந்தால் பற்றவில்லை.

வினிகரை நீர்க்காமல் ஒரே மூச்சில் ஊற்றினால் விழுந்த இடத்தில் மட்டும் தோல் கட்டி, உள்ளே திரவப் பால் சிக்கிக்கொள்ளும். அழுத்தினால் பீய்ச்சும், கண்ணில் படும். பாதுகாப்புக் கண்ணாடி போடாத பிள்ளையைப் பக்கத்தில் நிற்க விடாதீர்கள்.

இன்னொரு குழப்பம், வினிகர் ஊற்றியும் ஒன்றும் நடக்காதது. பாலில் அம்மோனியா இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். புதிய பாலில் கிருமிகள் பெருகி அமிலம் சுரப்பதால் சில மணி நேரத்திலேயே தானாகத் திரியத் தொடங்கும். அதைத் தள்ளிப்போடத் தோட்டக்காரர் லிட்டருக்கு அரை கிராம் அம்மோனியா சேர்த்திருந்தால் மேலே சொன்ன 10 மி.லி. இன்னும் சரியாகவே இருக்கும். ஆனால் இரங்கூனில் வேதிப்பொருள் கடையில் வாங்கும் செறிந்த பாலில் ரப்பர் 60 விழுக்காடு, அம்மோனியா சுமார் 0.7 விழுக்காடு. அதன் 100 மி.லி.யில் அம்மோனியாவைச் சமன்செய்வதற்கே 50 மி.லி. வினிகர் செலவாகிவிடும். உறைய வைப்பது அதற்கு மேல்தான். நடுநிலையாக்கல் பாடத்துக்கு இதைவிட நல்ல கணக்கு கிடைக்காது. டப்பாவைத் திறந்த வெளியில் திறக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

செறிந்த பாலில் இன்னொரு அழகான சோதனை உண்டு. 15 விழுக்காடு கால்சியம் குளோரைடு கரைசலில் ஒரு சோதனைக்குழாயின் அடியை முக்கி, காயவிட்டு, பிறகு பாலில் இருபது எண்ணும் வரை அமிழ்த்தி எடுங்கள். ஒரு தோல் படிந்திருக்கும். காய்ந்தபின் மக்காச்சோள மாவு தூவி உருட்டிக் கழற்றினால் விரலுறை. கையுறைத் தொழிற்சாலைகள் கால்சியம் நைட்ரேட்டை வைத்துச் செய்வதும் இதையே. சமையல் உப்புக் கரைசலில் முக்கிய குழாயை ஒப்பிட்டுக் காட்டினால், துகளின் எதிர்மின்சுமையை அடக்குவதில் இரட்டை நேர்மின்சுமை கொண்ட கால்சியம் எவ்வளவு வலியது என்று புரிந்துவிடும். ஐராவதி ஆற்று நீரில் படிகாரம் சுழற்றினால் சேறு படிவதும் இதே கதை. அங்கே அலுமினியத்துக்கு மூன்று சுமை. ஆனால் படிகாரத்தை ரப்பர்ப் பாலில் போட்டுப் பார்த்து அளவை ஒப்பிடாதீர்கள். அதன் கரைசலே அமிலமாக இருப்பதால் திரியச் செய்தது எது என்று பிரித்தறிய முடியாது.

சுமை ஒன்றே காவல் என்ற எண்ணத்தோடு பிள்ளைகளை அனுப்பக் கூடாது. வெள்ளைப் பசையை எடுங்கள். அது பாலிவினைல் அசிட்டேட் கூழ்மம். இதில் வினிகர் ஊற்றினால் திரியாது. துகளைச் சுற்றிப் பாலிவினைல் ஆல்கஹால் சங்கிலிகள் நீட்டிக்கொண்டு, இரண்டு துகளை நெருங்கவே விடுவதில்லை. அமிலத்துக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் வெண்காரம் (போராக்ஸ்) அந்தச் சங்கிலிகளையே ஒன்றோடொன்று முடிந்து கூழாக்கிவிடும். வெண்காரத்தைச் சிறு பிள்ளைகள் கையால் தொட வேண்டாம். கண்ணாடிபோல் தெளிந்த பசையும் கடையில் கிடைக்கும். அது பெரும்பாலும் கரைசல்தான், கூழ்மம் இல்லை. வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்.

வெள்ளைப் பசை காய்ந்ததும் ஏன் தெளிகிறது? துகளுக்கும் நீருக்கும் ஒளிவிலகல் எண் (ஒளியை வளைக்கும் அளவு) வேறு, அதனால் ஒளி சிதறி வெண்மை தெரிகிறது. நீர் போய்த் துகள்கள் நெருங்கி நசுங்கி ஒன்றானதும் சிதற இடமில்லை. ரப்பர் தாளை நிழலில் தொங்கவிடும்போது கடைசிவரை நிற்கும் வெண்புள்ளிகளும் உள்ளே சிக்கிய நீர்தான். புள்ளி மறையும் வரை எடை பார்த்துப் பயனில்லை. வெயிலில் போட்டால் ஆக்சிஜன் சங்கிலியை அறுத்துப் பிசுபிசுப்பாகும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும்.

பாத்திரம் பிளாஸ்டிக் அல்லது கண்ணாடி. கோயில் மடப்பள்ளிப் பித்தளைச் சொம்பில் பாலை வைக்காதீர்கள். அம்மோனியா செம்பைக் கரைக்கும், கரைந்த செம்பு ரப்பரைச் சீக்கிரம் கெடுக்கும். உப்புச்சுவை உள்ள கிணற்று நீரும் ஆகாது, அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் நீங்கள் தொடங்குமுன்பே வேலையைத் தொடங்கிவிடும்.

பலூன் ஊதினால் உதடு அரிக்கும், வாழைப்பழமோ வெண்ணெய்ப்பழமோ சாப்பிட்டால் வாய் நமைக்கும் என்று சொல்லும் பிள்ளைக்கு ரப்பர்ப் புரத ஒவ்வாமை இருக்கக்கூடும். தள்ளி உட்கார வைத்துப் பார்க்க மட்டும் விடுங்கள். வீட்டில் சொல்லி மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். மற்றவர்களுக்கு நைட்ரைல் கையுறை. தலைமுடியிலும் துணியிலும் காய்ந்த பால் துவைத்தால் போகாது. மிஞ்சிய பாலைத் தொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும். அதே வினிகரால் முழுவதையும் உறைய வைத்து, கட்டியைக் குப்பையில் போட்டு, தெளிந்த நீரை மட்டும் சாக்கடையில் விடுங்கள்.