கோடையில் எந்த மலைப்பாதை? சரிவும் கடிகாரமும் சேர்ந்து சொல்லும் கணக்கு

எட்டு கிலோமீட்டர் என்று போட்டிருக்கும் இரண்டு பாதைகளில் ஒன்றை இரண்டரை மணி நேரத்தில் நடந்துவிடலாம். இன்னொன்றில் உச்சிவெயில் ஏறும்போதும் பாதி மலையில்தான் நிற்போம். மேற்குத் தொடர்ச்சி மலையில் கோடை நடைக்குப் பாதை தேடுகிறவர்கள் பெரும்பாலும் தூரத்தையும் படங்களையும் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். எத்தனை மணிக்கு எந்தச் சரிவில் இருப்போம் என்பதுதான் பார்க்க வேண்டிய கணக்கு. வெயில், காட்டுத்தீ, இடி, தண்ணீர் எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

முதலில் நேரம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த விதி இன்றும் கைகொடுக்கிறது: 5 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். எட்டு கிலோமீட்டரில் 900 மீட்டர் ஏறினால் 3 மணி 6 நிமிடம் வரும். இது நல்ல உடல்திறன் உள்ளவருக்கு, குளிர்ந்த ஊரில் போட்ட கணக்கு. நம் கோடையில், முதுகில் சுமையோடு நடக்கும்போது அதை 1.4-ஆல் பெருக்குங்கள், மணிக்குப் பத்து நிமிட ஓய்வையும் கூட்டுங்கள். ஐந்து மணி நேரம் ஆகிவிடும். காலை 6.15-க்குப் புறப்பட்டால் உச்சியைத் தொடும்போது 11.15. இறங்க இன்னும் மூன்றரை மணி நேரம். அடிவாரம் சேர ஏறத்தாழ மூன்று மணி ஆகிவிடும். ஏப்ரல், மே மாதங்களுக்கு அது மிகத் தாமதம். அதே ஆள் ஆறு கிலோமீட்டரில் 600 மீட்டர் ஏறும் பாதையை எடுத்தால் பத்து மணிக்குள் மேலே போய், ஒரு மணிக்குள் கீழே வந்துவிடுவார்.

ஏற்றத்தை அறிய வரைபடம் போதும். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர். மலைப்பகுதித் தாள்களில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் பொதுவாக 20 மீட்டருக்கு ஒன்றாக இருக்கும். ஐந்தாவது கோடு தடிமனாக வரும், அதாவது 100 மீட்டருக்கு ஒன்று. புறப்படும் இடத்திலிருந்து உச்சி வரை பாதை வெட்டும் தடிமன் கோடுகளை எண்ணினாலே ஏற்றம் தெரிந்துவிடும். நடுவில் இறங்கி மறுபடி ஏறும் இடங்களையும் சேர்த்து எண்ண வேண்டும். செயலியில் பார்க்கிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்: உச்சிக்கும் அடிவாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்த்துவிட்டு, இடையில் இரண்டு பள்ளங்கள் இருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து வெப்பம். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். தேனிப் பக்கம் 300 மீட்டர் உயரத்தில் 39 டிகிரி என்றால் 2,000 மீட்டரில் ஏறத்தாழ 28. ஆகவே ஏறும் பாதையில் ஆபத்தான பகுதி கீழ்ப்பாதிதான். முள்ளும் புதருமாக நிழலற்றுக் கிடக்கும் அந்த அடிவாரச் சரிவை எட்டரை மணிக்குள் கடந்துவிட வேண்டும். இறங்கும் பாதையில் இது தலைகீழாகிறது. கொடைக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கும் பழைய பாதையைப் பலர் ‘இறக்கம்தானே’ என்று கோடையில் எடுக்கிறார்கள். கிட்டத்தட்ட 1,700 மீட்டர் இறக்கம் அது. மேலே காலைக் குளிரில் உற்சாகமாகத் தொடங்கி, நேரம் ஏற ஏற, உயரம் குறையக் குறைய, இரண்டு பக்கமிருந்தும் வெப்பம் கூடிக்கொண்டே வரும். தொடைத் தசை இறக்கத்தில் நீண்டபடியே எடையைத் தாங்குவதால் கால் நடுங்கும் நேரமும், நாளின் உச்ச வெப்பமும், மலையின் மிகச் சூடான பகுதியும் ஒரே புள்ளியில் வந்து சேர்கின்றன. கோடையில் கீழே தொடங்கி மேலே முடிவதும், மேலே தொடங்கி மேலேயே சுற்றி வருவதும் இதைவிட எவ்வளவோ மேல்.

சரிவு பார்க்கும் திசையும் முக்கியம். இமயமலையில் வடக்குச் சரிவா தெற்குச் சரிவா என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் ஏப்ரலில் சூரியன் உச்சந்தலைக்கு மேல் கடப்பதால் கிழக்கா மேற்கா என்பதுதான் கேள்வி. ஏப்ரல் நடுவில் காலை 8.30-க்குச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 33 டிகிரி உயரத்தில் நிற்கும். அப்போது 30 டிகிரிச் சாய்வுள்ள கிழக்குச் சரிவின் மேல் விழும் நேரடி வெயில், சமதளத்தில் விழுவதைப்போல் 1.6 மடங்கு. அதே சாய்வுள்ள மேற்குச் சரிவில் சமதளத்தின் பத்தில் ஒரு பங்குகூட இராது. நம் பக்கத்து மலைமுகம் பெரும்பாலும் கிழக்கு நோக்கியது, தேர்வு குறைவு. இருந்தாலும் வடக்குத் தெற்காக ஓடும் ஒரு கிளைமுகட்டின் மேற்குப் பக்கமாகவோ, ஓடைப் பள்ளத்தின் மேற்குப் பார்த்த கரையிலோ ஏறும் பாதை கிடைத்தால் ஒன்றரை மணி நேர நிழல் கூடுதலாகக் கிடைக்கும். விடியுமுன் கிளம்பிவிடலாமே என்று தோன்றும். யானை நடமாடும் காட்டில் அது கூடாது. கோடையில் நீர்நிலைகளைத் தேடி யானைகள் இறங்கும் நேரமும் அந்த இருட்டுதான்.

தீயைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த தீ, காய்ந்த புல் நிறைந்த சரிவில் பரவியது. மெல்லிய புல்தாள் காற்றின் ஈரப்பதத்துக்கு ஏற்ப மிக விரைவாகக் காய்ந்துவிடும். காலையில் பனி படிந்து ஈரமாக இருந்த புல்வெளி மதியத்தில் பற்றிக்கொள்ளத் தயாராக இருக்கும். தீயின் சுடர் மேல்நோக்கிச் சாய்ந்து, முன்னால் இருக்கும் புல்லை முன்கூட்டியே சூடேற்றுகிறது. இதனால் சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் தீ மேலேறும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கிறது. 30 டிகிரிச் சரிவில் எட்டு மடங்கு. பகலில் காற்றும் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கியே வீசும். மனிதரோ மணிக்கு 600 மீட்டர் உயரம் ஏறினாலே பெரிது. மேல்நோக்கி ஓடித் தப்புவது நடக்காத காரியம். புகை தெரிந்தால் பக்கவாட்டில் விலகிக் கீழே இறங்க வேண்டும். பாறைப்பரப்பு, ஈரமான சோலை, ஏற்கெனவே எரிந்து அணைந்த கருந்தரை ஆகியவை ஓரளவு பாதுகாப்பு. குறுகலான வறண்ட பள்ளம் புகைபோக்கிபோல் தீயை இழுக்கும். அதற்குள் இறங்கவே கூடாது.

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை வனத்துறை பாதைகளை மூடுவது இதனால்தான். 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 பாதைகளும் எளிது, மிதம், கடினம் என்று வகைபிரிக்கப்பட்டவை. உரிய அனுமதியும் வழிகாட்டியும் அதில் கிடைக்கும். அந்தத் தடைக்காலத்துக்குப் பிறகும் பாதையின் பெரும்பகுதி காய்ந்த புல்வெளிக்கு மேலுள்ள முகட்டில் போகிறதென்றால், நல்ல கோடை மழை இரண்டு மூன்று பெய்த பிறகு அதை எடுப்பதே சரி.

அந்த மழைதான் அடுத்த சிக்கல். காலை வெயிலில் சூடான காற்று சரிவேறிக் குளிர்ந்து, நண்பகலுக்குப் பின் மேகம் திரண்டு, இரண்டு மணியிலிருந்து இடி தொடங்குவது ஏப்ரல், மே மாதங்களின் வாடிக்கை. மரமில்லாத உச்சியை 12 மணிக்குள் விட்டு இறங்கும்படி பாதை அமைய வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடி என்றால் 10 கிலோமீட்டர். அதற்குள் வந்துவிட்டால் முகட்டில் நிற்காதீர்கள். ஓடைகளையும் எண்ணிக்கொள்ளுங்கள். போகும்போது கணுக்காலளவு ஓடிய தண்ணீர், மேலே எங்கோ பெய்த மழையால் அரை மணியில் இடுப்பளவு ஏறும். 2015 மே மாதத்தில் சதுரகிரியில் பக்தர்களை அடித்துச் சென்றது அப்படிப்பட்ட திடீர் வெள்ளம்தான். திரும்பும் வழியில் மறுபடி கடக்க வேண்டிய ஓடை இருக்கும் பாதையில், காலையில் வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், மதியத்துக்கு முன் அக்கரை சேர்ந்துவிட வேண்டும்.

தண்ணீர் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர். ஐந்தாறு மணி நேர நடைக்கு 4 லிட்டர், அதாவது 4 கிலோ சுமை. வரைபடத்தில் நீலக்கோடு இருப்பதால் வழியில் நீர் கிடைக்கும் என்று நம்பிக் குறைத்துக்கொள்ள வேண்டாம். கிழக்குச் சரிவின் சிற்றோடைகள் பல ஏப்ரலில் வறண்டு கிடக்கும். சோலைக்காட்டிலிருந்து வரும் ஓடைகள்தான் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். மணிக்கணக்கில் வெறும் தண்ணீரே குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல் வரும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் குடிப்பார்கள், நிலைமை மோசமாகும். உப்புப் போட்ட நீராகாரம் நல்லது. இல்லையென்றால் ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உடன் வருபவர் பேச்சு குழறினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ அது வெப்பத்தாக்கு. நிழலில் கிடத்தி, மிச்சமிருக்கும் குடிநீரையும் உடல் முழுக்க ஊற்றி, விடாமல் விசிற வேண்டும். சுயநினைவு குழம்பியவர் வாயில் எதையும் புகட்டக் கூடாது.

புறப்படும் முன் வழிகாட்டியிடம் கேளுங்கள்: எந்தச் சுனையில் இந்த வாரம் தண்ணீர் இருந்தது, தீ பரவாமல் புல்லை அகற்றிய தீத்தடுப்புக் கோடு எங்கே வெட்டியிருக்கிறார்கள், யானை கடைசியாக எந்தப் பக்கம் தென்பட்டது. பதில்களை வரைபடத்தில் குறித்துக்கொண்டு, திரும்ப வேண்டிய நேரத்தையும் அதன் ஓரத்திலேயே எழுதிவிடுங்கள்.