சமான பின்னம்: சொல்லும் பொருளும்

‘சின்னாபின்னம்’ என்று சொல்லும்போது யாருக்கும் கணக்கு நினைவுக்கு வராது. ஆனால் அந்தச் சொல்லின் பிற்பாதியும் கணக்குப் புத்தகத்தில் வரும் பின்னமும் ஒன்றுதான். ‘பின்ன’ என்ற வடசொல்லுக்கு உடைந்தது, பிளந்தது என்று பொருள். கை உடைந்த சிலையைப் பின்னமான சிலை என்கிறோமே, அதே பின்னம். சடை பின்னுவதற்கும் இதற்கும் உறவில்லை. ஆங்கிலத்தின் ‘ஃபிராக்‌ஷன்’ இலத்தீனில் உடைத்தலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. அரபியில் பின்னத்துக்கு வழங்கும் ‘கஸ்ர்’ என்ற பெயருக்கும் உடைத்தல் என்றே பொருள்.

‘சமானம்’ என்பதும் வடசொல்தான். ஒத்தது, நிகரானது என்று பொருள். எழுதும் விதம் வேறாக இருந்தும் அளவு ஒன்றாகவே இருக்கும் பின்னங்களைச் சமான பின்னங்கள் என்கிறோம். 1/2, 2/4, 3/6, 50/100 ஆகிய நான்கையும் எண்கோட்டில் குறித்துப் பாருங்கள். எல்லாம் ஒரே புள்ளியில் வந்து விழும்.

ஏன் அப்படி விழுகின்றன என்பதற்கான விடை இரண்டு தமிழ்ச் சொற்களுக்குள்ளேயே இருக்கிறது. கோட்டுக்குக் கீழே உள்ள எண் பகுதி, மேலே உள்ளது தொகுதி. பகுதி, ‘பகு’ என்ற வினையடியில் பிறந்தது: முழுமையை எத்தனை சம பங்காகப் பகுத்தோம் என்பதைச் சொல்வது. (பகா எண் என்பதில் இருப்பதும் இந்தப் பகுதான்.) தொகுதி, ‘தொகு’ என்பதிலிருந்து வந்தது: அந்தப் பங்குகளில் எத்தனையைத் தொகுத்து எடுத்தோம் என்பது. பேச்சு வழக்கில் பகுதி என்றால் ஒரு துண்டு என்று ஆகிவிட்டதால், எடுத்த துண்டைச் சொல்லும் மேல் எண்தான் பகுதி என்று பிள்ளைகள் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள். வினையைச் சொல்லிக்கொடுத்தால் இந்தக் குழப்பம் தீரும்: கீழே பகுத்தது, மேலே தொகுத்தது.

இப்போது 2/3 என்பதை எடுத்துக்கொள்வோம். மூன்றாகப் பகுத்து இரண்டைத் தொகுத்திருக்கிறோம். ஒவ்வொரு பங்கையும் மேலும் நான்காகப் பகுத்தால் மொத்தப் பங்குகள் 12 ஆகும். கையில் இருந்த இரண்டும் எட்டாகும். 8/12. புதிதாக எதையும் சேர்க்கவில்லை, எதையும் எடுக்கவில்லை. துண்டு சிறுத்தது, எண்ணிக்கை பெருகியது. மேலேயும் கீழேயும் ஒரே எண்ணால் பெருக்க வேண்டும் என்ற விதி இதுதான். 4/4 என்பது 1. ஒன்றால் பெருக்கினால் எதுவும் மாறாது. அந்த எண் பூச்சியமாக மட்டும் இருக்கக்கூடாது. ஒரே எண்ணால் வகுத்துத் திரும்பி வருவதற்குச் சுருக்குதல் என்று பெயர்.

பெருக்குவதற்குப் பதிலாகக் கூட்டினால் விதி உடைந்துவிடும். 1/2இன் மேலும் கீழும் ஒன்றைக் கூட்டினால் 2/3 வருகிறது. அது அரையைவிடப் பெரியது. இன்னொரு தடுமாற்றமும் உண்டு. 6/8, 9/12 இரண்டும் சமானமா? 6ஐ எந்த முழு எண்ணால் பெருக்கியும் 9 வராது என்பதால் இல்லை என்று சொல்லத் தோன்றும். இரண்டையும் சுருக்கினால் 3/4தான் வருகிறது. குறுக்குப் பெருக்கலிலும் தெரியும்: 6 × 12 = 72, 8 × 9 = 72.

ஓரினப் பின்னம் என்பது வேறு. 2/7, 5/7 போல ஒரே பகுதியைக் கொண்டவை ஓரினப் பின்னங்கள். அவற்றின் அளவு ஒன்றல்ல.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் சமான பின்னம் என்கின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இது சமவலுப் பின்னம். ஆங்கிலத்தின் ‘ஈக்விவலன்ட்’ என்ற சொல்லுக்குள் சமம், வலு என்ற பொருள் தரும் இரண்டு இலத்தீன் வேர்கள் இருக்கின்றன. அவ்விரண்டையும் அப்படியே காட்டுவதால், பொருளளவில் சமவலு என்பதே கூர்மையானது என்பது என் எண்ணம். தமிழ்ச் சொல்லே வேண்டும் என்பவர்களுக்கு ‘நிகர்ப் பின்னம்’ பொருந்தும். ‘இணை’ என்று வைத்தால் இணைகோடு, இணைகரம் என்று ஏற்கெனவே வடிவியலில் வழங்கும் பொருளோடு மோதும்.

பின்னத்துக்கும் தமிழில் பழைய பெயர் உண்டு: கீழ்வாய் இலக்கம். அந்த வாய்பாட்டில் ஒவ்வோர் அளவுக்கும் தனிப் பெயர் இருந்தது. அரை, கால் போக, கால்வாசியில் பாதியான 1/8 அரைக்கால், 1/20 மா, 1/80 காணி, 1/320 முந்திரி. முந்திரியை அலகாக வைத்தால் அரை 160 முந்திரி, கால் 80, மா 16, காணி 4. அதாவது அவ்வளவு பின்னங்களும் 320ஐப் பகுதியாகக் கொண்ட சமான பின்னங்களாக மாறி, ஒன்றோடொன்று கூட்டத் தயாராக நிற்கின்றன. 1/16க்கு வழங்கும் மாகாணி என்ற பெயரைப் பிரித்தால் மாவும் காணியும் கிடைக்கும். 1/20 என்பது 16/320, 1/80 என்பது 4/320, கூட்டினால் 20/320. சுருக்கினால் 1/16.