தட்டு விலகியும் வலிக்காத தாடைகள்

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கு அடியில் உருண்டு முன்னே நகர்கிறதே, அதுதான் தாடை மூட்டு. கீழ்த்தாடை எலும்பின் தலைக்கும் மண்டையோட்டின் குழிக்கும் நடுவே நார்க்குருத்தெலும்பால் ஆன சின்னத் தட்டு ஒன்று இருக்கிறது. அது முன்பக்கம் விலகிவிட்டு, வாய் திறக்கும்போது மறுபடி இடத்தில் வந்து அமர்ந்தால் 'டக்' என்று சத்தம் கேட்கும்.

விலகிய தட்டுதான் வலிக்குக் காரணம் என்று மருத்துவர்கள் பலர் வெகுகாலம் நினைத்தார்கள். ஆனால் தாடை வலியே இல்லாதவர்களை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குத் தட்டு விலகியிருந்தது. எனவே வலிக்கான தடயத்தை மூட்டைச் சுற்றியுள்ள தசைகளிலும், மூட்டுக்குள் ஊறும் திரவத்திலும் தேட வேண்டியிருக்கிறது. தசைவலிதான் அதிகம்; இங்கே நான் சொல்ல வருவது திரவத்தைப் பற்றி.

அடிபட்டாலோ, இரவெல்லாம் பல்லைக் கடித்து மூட்டுக்குச் சுமை ஏறினாலோ, முடக்குவாதம் வந்தாலோ, மூட்டின் உட்சவ்வில் உள்ள செல்கள் இன்டர்லூகின்-1 பீட்டா, டிஎன்எஃப் ஆல்ஃபா போன்ற மூலக்கூறுகளைச் சுரக்கக்கூடும். சைட்டோகைன்கள் எனப்படும் இந்த அழற்சி மூலக்கூறுகள் அக்கம்பக்கத்துச் செல்களைத் தூண்டிவிட, அங்கே புராஸ்டாகிளாண்டின் இ2 என்ற வேதிப்பொருள் உருவாகிறது. அது நரம்பு முனையில் போய் ஒட்டிக்கொண்டால் வலி உணரும் வரம்பு தாழ்ந்துவிடும். நேற்றுவரை சாதாரணமாக மென்ற இட்லி இன்று வலிக்கிறது. கொட்டாவி விடவே பயமாக இருக்கிறது. மூட்டின் மேல் விழும் அழுத்தம் கூடவில்லை, நரம்புதான் கூர்மையாகிவிட்டது.

நரம்பும் சும்மா இருப்பதில்லை. சீண்டப்பட்ட முனைகள் சப்ஸ்டன்ஸ் பி, சிஜிஆர்பி என்ற புரதத்துண்டுகளைக் கக்குகின்றன. ரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசிகிறது, வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன, அவை இன்னும் சைட்டோகைனைச் சுரக்கின்றன. இந்தச் சுழல் மாதக்கணக்கில் ஓடினால் மூளைத்தண்டில் செய்தி வாங்கும் செல்களும் கூர்மையாகிவிடும். பல்லிலிருந்தும் காதுப் பக்கத்திலிருந்தும் வரும் நரம்புகள் அதே இடத்தில் வந்து சேர்வதால், நல்ல பல் வலிப்பதாகவும் காது குடைவதாகவும் தோன்றும். கெட்டுப்போகாத பல்லைப் பிடுங்கச் சொல்லி ஒருவர் வந்து நிற்பதற்கு இந்த மயக்கமும் ஒரு காரணம். அதை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

இதற்கிடையே, குருத்தெலும்பை அரிக்கும் நொதிகளையும் இதே சைட்டோகைன்கள் கிளப்பிவிடுகின்றன. வலிக்குப் பின்னால் சத்தமில்லாமல் நடக்கும் சேதம் இது.

1991-இல் நிட்சான், டோல்விக், மார்ட்டினெஸ் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் ஓர் எளிய சிகிச்சையை விவரித்தார்கள். வாய் திறக்க முடியாமல் இறுகிப்போன தாடை மூட்டில், தட்டுக்கு மேலே உள்ள அறையில் இரண்டு ஊசிகளைச் செலுத்தி, ஒன்றின் வழியே திரவத்தைச் செலுத்தி மற்றொன்றின் வழியே வடியவிட்டுக் கழுவுவது. வாய் நன்றாகத் திறந்தது, வலியும் குறைந்தது. ஒட்டிக்கிடந்த தட்டு இளகியது ஒரு காரணம், அழற்சி மூலக்கூறுகள் கழுவப்பட்டது இன்னொரு காரணம் என்று கருதுகிறார்கள். இப்படிக் கழுவிய பிறகும் பலருக்குத் தட்டு விலகிய இடத்திலேயேதான் இருக்கிறது.

இபுபுரூஃபன் மாத்திரை இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் பிடிக்கிறது. புராஸ்டாகிளாண்டினை உண்டாக்கும் நொதியை அது தடுப்பதால் வலி தணியும். ஆனால் அதற்கு மேலே இருக்கும் இன்டர்லூகினையும் டிஎன்எஃப்பையும் அது நேரடியாக அடக்குவதில்லை. மூட்டின் மீதான சுமை தொடர்ந்தால் அவை மறுபடி ஊறும்.