ஒரு சுற்றுக்கு ஒரு பாகை

ஹட்டனில் ஒரு லேத் பட்டறையில் வேலை பழகும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "எங்கள் பாஸ் தீட்டித் தரும் டூல் இரும்பைச் சுருள் சுருளாகச் சீவுகிறது. அதையே நான் சாணையில் பிடித்தால் லேத் கீச்சிடுகிறது, சாமானில் வரி வரியாக விழுகிறது. அவருக்குக் கைராசி என்கிறார்கள். எனக்கு வராதா?"

வரும், தம்பி. கைராசி என்ற சொல்லை மட்டும் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஆயுத பூசையன்று லேத்துக்குச் சந்தனம் வைப்பதை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் ஒரு கைத்திறனுக்கு ராசி என்று பெயர் வைத்தால், பழக வந்த பொடியனிடம் "இது உனக்குக் கிடையாது" என்று சொல்லிவிடுகிறோம். அதுதான் எனக்குக் கோபம்.

கவ்வாத்துக் கத்தி தீட்டுகிறவர்களின் மணிக்கட்டைக் கவனித்திருப்பீர்கள். கத்தி கல்லில் போய்ப் போய் வரும். சாய்வு மட்டும் மாறாது. உங்கள் பாஸின் கையும் அப்படித்தான். இருபது வருடத்தில் அது ஒரே சாய்வுக்குத் திரும்பிவரப் பழகிவிட்டது. உங்கள் கை ஒவ்வொரு தொடுகையிலும் ஒரு பாகை, இரண்டு பாகை விலகுகிறது. டூலை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், ஒரே முகம் இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து குட்டி முகங்கள் மின்னும்.

டூலின் வெட்டும் விளிம்புக்குக் கீழே உள்ள முகம் உள்நோக்கிச் சரிய வேண்டும். மெல்லுருக்குக்கு, அதாவது மைல்ட் ஸ்டீலுக்கு, 8 பாகை அளவு போதும். அந்தச் சரிவு இல்லையென்றால் விளிம்புக்கு முன்பே அடிப்பகுதி சாமானில் முட்டி உரசும். கீச்சொலி அங்கிருந்துதான் வருகிறது. "சூட்டில் பதம் போய்விட்டது" என்று பலர் சொல்வார்கள். பழைய கார்பன் உருக்கு டூலுக்கு அது சரி. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் அமெரிக்கர்களான டெய்லரும் வைட்டும் காட்டி உலகை வியக்கவைத்த ஹைஸ்பீட் உருக்கு, ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வரை கடினம் குறையாமல் நிற்கும். சாணையில் கொஞ்சம் நீலம் பூத்ததற்காக அதன் பதம் கெடாது. பழுக்கக் காய்ந்ததை நுவரெலியாக் குளிர் தண்ணீரில் முக்கினால்தான் விளிம்பில் மயிரிழை வெடிப்பு விழும்.

ஆக, கைக்குப் பதிலாகச் சாய்வை நினைவில் வைத்திருக்க ஒரு ஜிக், அதாவது டூலை ஒரே கோணத்தில் தாங்கும் அமைப்பு, வேண்டும். தடித்த இரும்புத் தகடு ஒன்று, ஆட்டமில்லாத கதவுப் பிணைச்சல் ஒன்று, ஒரு போல்ட், இரண்டு நட். சாணைச் சக்கரத்தின் முன்னால் பிணைச்சல், அதில் தகடு. பின்பக்கத்தைக் கீழிருந்து போல்ட்டின் நுனி தாங்கும். ஒரு நட்டை இவற்றைத் தாங்கும் சட்டத்தில் வெல்டிங்கால் ஒட்டிவிடுங்கள், மற்றது பூட்டுவதற்கு. போல்ட்டைத் தளர்த்தினால் தகட்டின் பின்பக்கம் தாழும், மேலே படுத்திருக்கும் டூலின் மூக்கு நிமிரும், வேண்டிய சரிவு விழும்.

பிணைச்சல் ஊசியின் நடுவிலிருந்து போல்ட் நுனிக்கு எவ்வளவு தூரம் வைப்பது? இந்த இடத்துக்கு வரத்தான் நான் அவசரப்பட்டேன். 57.3 மில்லிமீட்டர் வையுங்கள்.

அந்த நீளத்தை ஆரையாகக் கொண்டு ஒரு வட்டம் வரையுங்கள். பரிதி 2 × 3.1416 × 57.3, அதாவது 360 மில்லிமீட்டர். வட்டத்துக்கு 360 பாகை. அப்படியானால் அந்தப் பரிதியில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஒரு பாகை! உயர்தரத்தில் ஆரையன் (ரேடியன், ஆரையின் நீளமுள்ள வில் மையத்தில் அமைக்கும் கோணம்) படித்தவர்களுக்கு 57.3 என்ற எண் ஞாபகம் வரும். அதே எண்தான், இங்கே தகட்டுக்கு அடியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இனி போல்ட்டுக்கு வருவோம். சாதாரண எம் 6 (6 மில்லிமீட்டர் விட்டமுள்ள) போல்ட்டின் புரியிடை, அதாவது ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் உள்ள தூரம், சரியாக 1 மில்லிமீட்டர். ஒரு முழுச் சுற்றுக்கு 1 மில்லிமீட்டர் நகரும், தகடு ஒரு பாகை சாயும். போல்ட் தலைக்கு ஆறு பக்கம். ஒரு பக்கம் திருப்பினால் பாகையில் ஆறில் ஒன்று. கோணமானி இல்லாமல், ஸ்பானரால் கோணம் அளக்கிறோம். திருகுக் கணிச்சி கடுகளவு தடிப்பை அளப்பதும் இதே வித்தைதான்.

போல்ட் நேர்கோட்டில் போகிறது, வட்டவில்லில் அல்லவே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பத்துச் சுற்றில் கிடைப்பது 9.9 பாகை. இருபதில் 19.2. நமக்கு வேண்டிய எட்டில் வித்தியாசம் தெரியவே தெரியாது. தூரத்தை அளக்கும்போது 1 மில்லிமீட்டர் பிசகினாலும் எட்டுப் பாகையில் ஏழில் ஒரு பாகைதான் தவறும். புரியின் தளர்வைப் பற்றியும் கவலை வேண்டாம்: தகட்டின் பாரம் எப்போதும் கீழ்நோக்கி அழுத்துவதால் தளர்வு ஒரே பக்கம் ஒதுங்கிக்கொள்ளும்.

கடையில் போல்ட் வாங்கும்போது மட்டும் கவனம். தேயிலை ஸ்டோர்களின் பழைய ஆங்கிலேய இயந்திரங்களில் இருப்பது விட்வர்த் புரி. கால் அங்குல விட்வர்த் போல்ட் பார்வைக்கு எம் 6 போலவே இருக்கும், ஆனால் அங்குலத்துக்கு 20 புரி, புரியிடை 1.27. கையில் அதுதான் இருக்கிறதென்றால் தூரத்தை 72.8 ஆக்குங்கள், கணக்கு திரும்பவும் சரியாகும்.

பூச்சியத்துக்கு நீர்மட்டம் வையுங்கள். தகடு மட்டமாகட்டும், பிறகு எட்டுச் சுற்று எண்ணுங்கள். டூலின் தடிப்பில் பாதி, சக்கர மையத்தின் உயரத்துக்கு வர வேண்டும். 150 மில்லிமீட்டர் சக்கரத்தில் இந்த உயரம் 1 மில்லிமீட்டர் தவறினால் முக்கால் பாகை போய்விடும். டூலின் முகத்தில் மார்க்கர் மை பூசி ஒருமுறை மெல்லத் தொட்டுப் பாருங்கள். மை முகம் முழுக்க ஒரே சீராகப் போனால் பழைய தளத்துக்கே திரும்பிவிட்டீர்கள். எட்டா, எட்டேகாலா என்பது பெரிய காரியமில்லை. அதே இடத்துக்குத் திரும்புவதுதான் காரியம். திரும்பினால் ஒரு தொடுகையில் விளிம்பு வந்துவிடும், விலைகொடுத்து வாங்கிய டூல் தேய்ந்து தூளாகாது.

பாடசாலைகளில் 2013 முதல் உயர்தரத்துக்குத் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. மலையகத்தில் அதற்கு ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு ஒரு நல்ல லேத்துக்கும் சாணைக்கும் போக வேண்டும் என்பது என் கட்சி. இந்தத் தகட்டைச் செய்த பிள்ளை ஆரையனைப் பிறகு மறக்காது.

சக்கரம் தேயத் தேய அதற்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி கூடும். 3 மில்லிமீட்டருக்கு மேல் விடாதீர்கள், டூல் உள்ளே இழுபட்டால் விரலும் சேர்ந்து போகும். அதனால் சட்டத்தின் அடித்துளைகளை நீளவாக்கில் வெட்டி, முன்னே தள்ளக்கூடியதாகச் செய்யுங்கள். தள்ளும்போதெல்லாம் நீர்மட்டத்தை எடுத்துப் பூச்சியத்திலிருந்து எண்ணுங்கள். கண்ணாடி போடாமல் சாணையைத் தொட வேண்டாம், தம்பி.