பெட்டியில் அச்சிட்ட வாட்டை நம்பி ஸ்பீக்கர் வாங்காதீர்கள்

திருவிழாக் காலம் ஒன்று முடியும்போதெல்லாம் மார்த்தாண்டத்தில் உள்ள எங்கள் பட்டறைக்குக் கருகிய ஸ்பீக்கர்கள் வந்து சேருகின்றன. கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கத்திலிருந்தும் வருகின்றன. அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரையிலிருந்தும் வருகின்றன. கொண்டுவருபவர்களில் பெரும்பாலோர் டிஜே தொழிலுக்குப் புதிதாக வந்த இளைஞர்கள். அண்மையில் ஒரு தம்பி, தவணையில் வாங்கிய ஒரு ஜோடி ஸ்பீக்கரை, முதல் தவணையைக் கட்டும் முன்பே தூக்கிக்கொண்டு வந்து நின்றார். “அண்ணா, பெட்டியில 2000 வாட்டுன்னுதானே போட்டிருக்கு, பின்ன எப்படி கருகும்?” என்று கேட்டார். இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். என் கோபம் அந்தத் தம்பியின்மேல் அல்ல, அந்த எண்ணை அச்சிட்டு விற்றவர்கள்மேல்.

அவர் கொண்டுவந்த பெட்டியைப் பிரித்துக் காட்டினேன். முன்பக்கக் கூம்பான கோனை மெல்ல அமுக்கியபோதே உள்ளே உரசும் சத்தம் கேட்டது. கோனை அசைக்கும் கம்பிச்சுருளான காயிலை வெளியே எடுத்தால் செம்பு நிறத்தில் இருக்க வேண்டிய கம்பி அடுப்புக்கரியாகக் கறுத்து, வார்னிஷ் உரிந்து, சுற்றுகள் பிரிந்து கிடந்தன. கூர்மையான ஒலிகளைத் தரும் ஹார்னின் மெல்லிய அதிர்தகடான டயாபிரம் அதற்கு முன்பே போயிருந்தது. பின்பக்கத் தகட்டில் இருந்த ஃபியூஸ் 2 ஆம்பியர். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 460 வாட். ஃபியூஸ் சிறிது நேரம் கூடுதலாகத் தாங்கும் என்பது உண்மைதான் என்றாலும், சுவரிலிருந்து இவ்வளவு மட்டுமே இழுக்கக்கூடிய ஒரு பெட்டியால் 2000 வாட்டைத் தொடர்ந்து தர முடியாது என்பதை அறிய இந்தப் பெருக்கலே போதும். கடையிலேயே பெட்டியைத் திருப்பி இதைப் பார்த்திருக்கலாம்.

வாட் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒரே வாட் அல்ல. ஸ்பீக்கர் மணிக்கணக்கில் தாங்கக்கூடிய அளவுதான் தொடர் திறன். பேச்சுவழக்கில் அதை ஆர்எம்எஸ் என்கிறோம். அதைப் போல இரு மடங்கை புரோகிராம் என்றும், நான்கு மடங்கை பீக் என்றும் குறிப்பது தொழிலில் நிலைத்துவிட்ட வழக்கம். ஆகவே ‘1000 வாட் பீக்’ என்று நேர்மையாகவே எழுதப்பட்ட பெட்டிகூடத் தொடர்ந்து தாங்குவது ஏறக்குறைய 250 வாட்தான். பிஎம்பிஓ என்று எழுதியிருந்தால் அந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது, ஏனென்றால் அதை அளப்பதற்குப் பொதுவான முறை எதுவும் இல்லை. சக்கரமும் வண்ண விளக்கும் வைத்து வரும் டிராலி ஸ்பீக்கர்களில் இந்த எண்தான் மிகப் பெரிய எழுத்தில் இருக்கும். வீட்டு மாடியில் பிறந்தநாள் கொண்டாட அவை போதும்; கூலி வாங்கிக்கொண்டு ஒரு கல்யாண வரவேற்பில் வைக்க அவை உதவாது.

சரி, உண்மையான வாட்டையே கண்டுபிடித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் சத்தம் எவ்வளவு வரும் என்பதை வாட் மட்டும் சொல்லாது. வாட் இரு மடங்கானால் சத்தம் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. 500 வாட் பெட்டியை விற்றுவிட்டு 1000 வாட் பெட்டி வாங்கியவர் பெரிய மாற்றம் தெரியவில்லையே என்று வருந்துவது இதனால்தான். நீங்கள் கேட்க வேண்டிய எண் சென்சிட்டிவிட்டி, அதாவது 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபெல் வருகிறது என்ற கணக்கு. அது 97 டெசிபெல் உள்ள ஸ்பீக்கருக்கு 250 வாட் கொடுத்தாலும், 91 டெசிபெல் உள்ளதற்கு 1000 வாட் கொடுத்தாலும், இரண்டிலும் வருவது ஒரே 121 டெசிபெல்தான். முதலாவதில் காயில் குளிர்ச்சியாக இருக்கும், இரண்டாவதில் வேகும். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபெல் குறையும் என்பதால், அந்த 121 டெசிபெல் 16 மீட்டர் தள்ளி நிற்பவரை அடையும்போது 97 ஆகிவிடும். சிங்காரி மேளம் அடித்து ஓய்ந்த அதே திடலில் உங்கள் பாட்டு எடுபடுமா என்பதை இந்தக் கணக்குதான் தீர்மானிக்கும். பெட்டியின்மேல் உள்ள எண் அல்ல.

நல்ல நிறுவனங்களின் விவரத்தாளில் அதிகபட்ச எஸ்பிஎல் (எவ்வளவு டெசிபெல் சத்தம் வரும் என்பது) என்று ஒரு வரி இருக்கும். அதிலும் கணக்கிட்டது, அளந்தது என இரு வகை உண்டு. அளந்தது என்று எழுதியிருப்பதை நம்புங்கள். அலைவரிசை விவரத்தில் எத்தனை டெசிபெல் இறக்கத்தில் அளந்தது என்பதையும் பாருங்கள். 10 டெசிபெல் இறங்கிய இடத்தில் அளந்து ‘45 ஹெர்ட்ஸ் வரை வரும்’ என்று எழுதிய பெட்டியில், அந்த 45 ஹெர்ட்ஸ் உங்கள் காதுக்குப் பெரிதாக எட்டாது. விவரத்தாளே இல்லாத பெட்டியை வாங்காதீர்கள்.

கையில் பணம் குறைவாக இருப்பவருக்கு நான் சொல்வது, ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபயர், உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் ஸ்பீக்கரில் 12 அங்குல ஜோடி ஒன்றை வாங்குங்கள் என்பதே. யமஹா, ஜேபிஎல், ஆர்சிஎஃப், பெரிஞ்சர் என ஒவ்வொன்றும் வெவ்வேறு விலைத் தட்டில் இத்தகைய ஸ்பீக்கர்களைத் தருகின்றன. ஆம்பும் ஸ்பீக்கரும் ஒன்றுக்கொன்று பொருத்தி வடிவமைக்கப்பட்டிருப்பதோடு, உள்ளே ஒலி அளவு மீறாமல் தடுக்கும் லிமிட்டரும் இருப்பதால் தொடக்கநிலையில் நேரும் தவறுகளைப் பெருமளவு பொறுத்துக்கொள்ளும். 15 அங்குலமே வேண்டும் என்று பலரும் பிடிவாதம் பிடிக்கிறார்கள். விலை குறைந்த 15 அங்குலப் பெட்டிகளில் மேலே ஹார்னில் ஒலியை எழுப்பும் பாகமாகச் சிறிய 1 அங்குல டிரைவரை வைத்துவிடுவதால், கீழே கோன் விடும் இடத்துக்கும் மேலே ஹார்ன் பிடிக்கும் இடத்துக்கும் நடுவில் பாடகரின் குரல் தொலைந்துபோகும். அடி பேஸ் வேண்டிய நிகழ்ச்சிக்கு 18 அங்குல சப்வூஃபரை வாடகைக்கு எடுங்கள். குழித்துறையிலும் தக்கலையிலும் உள்ள மைக்செட்காரர்களிடம் பழகிவைத்துக்கொண்டால் நியாயமான வாடகைக்கே தருவார்கள், கூடவே எதை எங்கே வைக்க வேண்டும் என்ற அறிவும் இலவசமாகக் கிடைக்கும். எடையைத் தூக்கிப் பார்த்துத் தரத்தை முடிவுசெய்யும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். நியோடிமியம் காந்தம் வந்த பிறகு அதற்குப் பொருள் இல்லை.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது இன்னும் எளிது. டிஜே கன்ட்ரோலரில் சிவப்பு விளக்கு எரிய விடாதீர்கள். ஒருவர் வந்து “சத்தம் போதாது” என்றால் மாஸ்டர் வால்யூமைத் திருகாதீர்கள். போதவில்லை என்றால் அந்த இடத்துக்கு அந்த ஸ்பீக்கர் போதவில்லை என்று பொருள். எங்களிடம் வரும் ஹார்ன்களில் பெரும்பகுதி அதிக வாட்டால் போனவை அல்ல, சிறிய ஆம்பைச் சிவப்பில் வைத்து விடிய விடிய ஓட்டியதால் போனவை.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கருவிகளை இணைக்கும் சிவப்பு, வெள்ளை முனை ஆர்சிஏ வயரை நீளமாக இழுத்தால் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் வரும். அதைப் போக்குவதற்காக மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டி எறியும் வழக்கம் நம் பகுதியில் இன்றும் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், செய்பவரையும் தடுங்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் நம்முடையது. பந்தலுக்குள் ஈர மண்ணில் நின்றுகொண்டு மைக்கைப் பிடிக்கும் ஒருவரின் உயிர் அந்த முள்ளில் இருக்கிறது. வெளி இரைச்சலைத் தடுக்கும் பேலன்ஸ்டு எக்ஸ்எல்ஆர் கேபிளைப் பயன்படுத்துங்கள், எல்லாக் கருவிகளுக்கும் ஒரே போர்டிலிருந்து மின்சாரம் எடுங்கள், அப்போதும் இரைந்தால் கருவிகளின் நேரடி மின் இணைப்பைப் பிரித்து ஒலியை மட்டும் கடத்தும், ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் ஒன்றை இடையில் போடுங்கள். ஜெனரேட்டரில் ஓட்டுவதாக இருந்தால் வோல்ட்டை மீட்டரில் பார்த்த பிறகே ஸ்பீக்கரை இணையுங்கள்.

சத்தம் கூடக் கூடப் பெருமை என்று எண்ணுபவர்களுக்குச் சட்டத்தையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் எல்லையின் இரு பக்கத்துக்கும் பொருந்தும். எழுத்து வடிவிலான அனுமதி இல்லாமல் பொது இடத்தில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. மூடிய அரங்குகளுக்குள் தவிர, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிக்கவும் கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு தரலாம். அந்தத் தளர்வு உங்கள் விழாவுக்கு உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் செட்டை இறக்காதீர்கள். உங்கள் காதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 85 டெசிபெல்லை 8 மணி நேரம் தாங்கும் காதுக்கு, 100 டெசிபெல் 15 நிமிடமே பாதுகாப்பானது. ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே மாலை முழுவதும் நிற்பவர் நீங்கள்தான். காதடைப்பான் மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது.

பழைய ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் நிகழ்ச்சி நடக்கும் இடத்தில், மற்ற சத்தங்களுக்கு நடுவே கேட்டுவிட்டு விலை பேசாதீர்கள். அமைதியான அறையில், குறைந்த ஒலியில், தனிக்குரல் பாட்டு ஒன்றைப் போட்டு ஹார்ன் தெளிவாக இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு கைவிரல்களால் கோனைச் சமமாக அமுக்கி உரசுகிறதா என்று பாருங்கள். பேஸ் துளையில் முகர்ந்து கருகல் வாடை வந்தால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். புதியதோ பழையதோ, அந்த மாடலுக்கு டயாபிரமும், கோனையும் காயிலையும் மாற்ற உதவும் ரீகோன் கிட்டும் தனியாகக் கிடைக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். காயில் கருகுவதைப் பொதுவாக வாரண்டியில் ஏற்க மாட்டார்கள். உதிரி கிடைக்காத பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால் எங்களாலும் ஒன்றும் செய்ய இயலாது.