பார்ஸ்னிப் வளர்க்கிறீங்களா? இலைய வெறும் கையால தொடாதீங்க

கிறிஸ்மஸ் நெருங்குனா சூப்பர்மார்க்கெட்ல வெள்ளை கேரட் மாதிரி ஒண்ணு வந்து உக்காந்திருக்கும், அதான் பார்ஸ்னிப், வாங்கி ரோஸ்ட் பண்ணி சாப்பிட்டுப் பாத்தவங்க அடுத்த வாரமே ஆன்லைன்ல விதை ஆர்டர் பண்ணிட்டு எனக்கு வாட்ஸாப் பண்றாங்க. நான் லேண்ட்ஸ்கேப் லைன்ல இருக்கேன், கம்யூனிட்டி கார்டன்ல செடி வளர்க்கச் சொல்லிக் குடுக்குறதும் உண்டு. முளைக்குமா முளைக்காதான்னுதான் எல்லாரும் கேக்குறாங்க. இலையைப் பத்தி யாரும் கேக்குறதில்ல, எனக்கு பயமே அதுதான்.

முளைப்பு விஷயத்த முதல்ல முடிச்சிருவோம். இந்த விதைக்கு ஆயுசு கம்மி, ஒரு வருஷம் தாண்டுனாலே முளைப்புத்திறன் சட்டுனு விழுந்துரும், அதனால பாக்கெட்ல தேதி பாக்காம வாங்காதீங்க. 15லேருந்து 20 டிகிரி இருந்தா அதுக்கு சொகுசு, அப்பவும் வெளிய தலைகாட்ட 2, 3 வாரம் எடுத்துக்கும். நம்ம சிங்கப்பூர்ல ராத்திரியே 24, 25 டிகிரி, மத்தியானம் காரிடார் தொட்டி மண்ணு கொதிக்கும். ஏர்கான் ரூம்ல ஈர டிஷ்யூல சுத்தி வச்சு, வேர் முனை லேசா எட்டிப் பாத்ததும் ஆழமான தொட்டில 1 செமீ ஆழத்துல வச்சிருங்க, பெருசான நாத்தைப் பிடுங்கி நட்டா வேர் கவட்டையாப் பிரிஞ்சு போயிரும். கிழங்கு திரள 4, 5 மாசம் ஆகும், அதுவும் குளிர்ல மாவுச்சத்து சர்க்கரையா மாறுனாத்தான் அந்த இனிப்பே வரும், இங்கிலாந்துல உறைபனி விழட்டும்னு காத்திருந்து தோண்டுறாங்க, இங்க நம்ம பிடோக் பேட்டைல உறைபனிக்கு எங்க போறது? கிழங்கு ஆசைன்னா சக்கரவள்ளி வைங்க, இலையையும் சம்பல் போட்டு வதக்கலாம்.

ஆக இங்க கிடைக்கிறது பெரும்பாலும் இலைதான். அந்த இலை, தண்டோட சாறுல ஃப்யூரனோகூமரின்னு ஒரு வகை ரசாயனம் இருக்கு, அது தோல்ல பட்டு அது மேல வெயில் பட்டா தோல் வெந்துரும். அலர்ஜி இல்லங்க, எனக்கு அலர்ஜி கிடையாதேன்னு யாரும் தப்பிக்க முடியாது. தொடும்போது ஒண்ணுமே தெரியாது, அரிப்புகூட இருக்காது, மறுநாளோ அதுக்கு மறுநாளோதான் செவந்து கொப்புளம் கிளம்பும். வேர்வைல நனைஞ்ச தோல்னா இன்னும் மோசம்.

எங்க டீம்ல ஒரு தம்பி, புதுக்கோட்டைப் பையன், ஒரு தரைவீட்டுல புதரா மண்டியிருந்த பார்ஸ்னிப்ப பட்டப்பகல்ல கைச்சட்டைய மடிச்சு விட்டுட்டு வாரி வாரி வெட்டியிருக்கான். ரெண்டு நாள் கழிச்சு மணிக்கட்டுலேருந்து முழங்கை வரைக்கும், சாட்டையால அடிச்ச மாதிரி கோடு கோடா செவப்பு, இலை உரசுன தடத்துல மட்டும் வரிசையா நீர்க்கொப்புளம். அவன் தங்குற டார்மிட்டரில அக்கின்னு சொல்லி காவி பூசப் பாத்தாங்களாம், நல்லவேளை பூசல. கொப்புளம் ஆறிருச்சு, பழுப்புத் தழும்பு மறைய மாசக்கணக்காச்சு.

எலுமிச்சைச் சாறு, சீனவங்க பச்சைப்பயறு சூப்புல போடுற அருவதா இலை, இதுகளும் இதே வேலையக் காட்டும். கிழங்கைத் தோல் சீவி சமைச்சு சாப்பிட பயப்பட வேண்டாம்.

இலை வெட்டணும்னா சாயங்காலம் வெயில் இறங்குனப்புறம் வெட்டுங்க, முழுக்கை சட்டை, கிளவுஸ் கட்டாயம். சாறு பட்டுச்சுன்னா உடனே சோப்புப் போட்டு கழுவி, 2 நாளாவது அந்த இடத்துல வெயில் படாம மூடி வைங்க, மேகமா இருந்தாலும் மூடுங்க. தொட்டிய காரிடார் ஓரத்துல வைக்காதீங்க, ஆள் நடக்க 1.2 மீட்டர் வழி விட்டுட்டோம்னு சொன்னாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க உரசிக்கிட்டுத்தான் ஓடும். கொப்புளம் வந்துட்டா குத்தி உடைக்காம பாலிக்ளினிக் போங்க, என்ன செடி தொட்டீங்கன்னு நீங்களே வாயத் திறந்து சொல்லுங்க, செடியோட போட்டோவும் காட்டுங்க, இல்லன்னா சுடுதண்ணி கொட்டுச்சான்னுதான் கேப்பாங்க, அதே கோடு ஒரு குழந்தை முதுகுல இருந்துச்சுன்னா பிள்ளைய யாரு அடிச்சாங்கன்னு கேள்வி வேற மாதிரி போகும்.